நடுவில் யாரும் வேண்டாம்: இரண்டு கணினிகளை நேராகப் பேசவைத்த கதை (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

காரைக்குடியில் முப்பது வருடத்துக்கு மேலாக நடந்துவரும் ஒரு போட்டோ ஸ்டுடியோ. உரிமையாளருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மகன் கேமராவோடு மண்டபம் மண்டபமாகப் போகிறார். எடுத்த படங்களைப் பிரித்து, நிறம் சரிசெய்து, ஆல்பம் பக்கங்களாக அடுக்கும் வேலை சிவகாசியில் ஓர் அக்காவிடம். வீட்டிலிருந்தே செய்கிறார். ஆல்பம் அச்சாவதும் அந்த ஊரில்தான் என்பதால் இந்த ஏற்பாடு இரண்டு பேருக்கும் தோதாக இருந்தது.

படங்களைக் காரைக்குடியிலிருந்து சிவகாசிக்குக் கொண்டுபோவதுதான் பாடு. முதல் நாள் சாயந்தரம் வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம், பந்தி என்று ஒரு கல்யாணத்துக்குச் சுமார் 2,400 படங்கள் சேர்ந்துவிடும். ஒவ்வொன்றும் 25 எம்பி அளவுள்ள மூலப்படம். ஆக 60 ஜிபி, வீடியோ தனி. இதை ஹார்ட் டிஸ்கில் ஏற்றி கொரியரில் அனுப்புவார்கள். அடுத்தடுத்து முகூர்த்தம் வரும் வாரங்களில் நாலைந்து டிஸ்க் வழியிலேயே இருக்கும். ஒரு டிஸ்க் அடிபட்டு வந்து திறக்காமல் போனது. நல்லவேளையாகக் காரைக்குடியில் நகல் இருந்தது.

அப்புறம் மேகச் சேமிப்புக்கு மாறிப் பார்த்தார்கள். 2023 வைகாசியில் ஒரு கல்யாண வீட்டுப் படங்கள் இருந்த பகிர்வு இணைப்பு, எப்படியோ உறவினர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் பரவிவிட்டது. தேர்ந்தெடுக்காத படங்கள், மணப்பெண் அலங்காரம் செய்துகொள்ளும் படங்கள் எல்லாம் அதில் இருந்தன. யாரும் திருடவில்லை. இணைப்பு யார் கையில் கிடைத்தாலும் திறக்கும் என்பது இவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பெண் வீட்டார் நேரில் வந்து பேசிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு உரிமையாளர் ஒரே பிடியாக நின்றார்: வாடிக்கையாளர் படம் தன் மெஷின், அக்கா மெஷின் இரண்டைத் தாண்டி வேறெங்கும் இருக்கக் கூடாது.

நான் மதுரையில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். உறவினர் ஒருவர் சொல்லி என்னிடம் வந்தார்கள். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன், ஏனென்றால் மொத்த விஷயமும் அதற்குள்தான் இருந்தது: "தம்பி, ரெண்டு மெஷினும் நெட்லதான இருக்கு. நேரா பேசிக்கிறதுக்கு என்ன தடை?"

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று கெடு வைத்துக்கொண்டோம்.

முதல் நான்கு நாள்: தவறான இடத்தில் தேடியது

கோப்புகளை ஒத்திசைக்க சிங்க்திங் என்ற திறமூல மென்பொருளைத் தேர்ந்தெடுத்தேன். கோப்பைத் துண்டு துண்டாக அனுப்பும், பாதியில் அறுந்தால் விட்ட இடத்தில் தொடரும். ஒவ்வொரு மெஷினுக்கும் அதன் சான்றிதழிலிருந்து பிறக்கும் நீண்ட அடையாள எண் உண்டு. அந்த எண்ணை இரண்டு பக்கமும் பரஸ்பரம் ஏற்றுக்கொண்டால் மட்டுமே இணைப்பு. போகும் வழி முழுக்கத் தரவு குறியாக்கத்தில் இருக்கும்.

காரைக்குடி ரவுட்டரில் 22000 என்ற போர்ட்டை (ஒரு மென்பொருள் பேசுவதற்கான எண்ணிட்ட வாசல்) ஸ்டுடியோ கணினிக்குத் திருப்பிவிடச் சொன்னேன். போனிலேயே வழி சொல்லி மகன் செய்தார். சிவகாசியிலிருந்து இணைப்பு வரவில்லை. விண்டோஸ் ஃபயர்வாலைப் பார்த்தோம், ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பித்தோம், ரவுட்டரே தானாகப் போர்ட் திறக்கும் வசதியை இயக்கினோம். நான்கு நாள் போனது.

ஐந்தாம் நாள் நேரில் போனேன். ரவுட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்தேன். வெளிப்பக்க முகவரி 100.72 என்று தொடங்கியது. வெளியுலகம் பார்க்கும் முகவரியை இணையத்தில் கேட்டால் வேறொன்று வந்தது. அங்கேயே விஷயம் முடிந்துவிட்டது. முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய இரண்டு எண்கள் இவை. கேட்காதது என் தவறு.

100.64-இல் தொடங்கி 100.127-இல் முடியும் முகவரிகள், இணைய நிறுவனங்கள் தங்கள் உள்வட்டத்துக்குள் வைத்துக்கொள்வதற்கென்றே 2012 ஏப்ரலில் ஆர்எஃப்சி 6598 என்ற இணையத் தர ஆவணம் மூலம் ஒதுக்கப்பட்டவை. மொத்தம் 41,94,304. உலகப் பொது இருப்பில் இருந்த கடைசி ஐபிவி4 (பழைய வகை இணைய முகவரி) தொகுதிகள் 2011 பிப்ரவரியிலேயே பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. ஆசிய-பசிபிக் பகுதிக்கு முகவரிகளைப் பிரித்துத் தரும் பதிவகமும் அதே வருடம் ஏப்ரலில் கடைசித் தொகுதிக்கு வந்து, ரேஷன் போல அளந்து கொடுக்கத் தொடங்கியது. அதனால் நிறுவனம் ஒரே பொது முகவரியை நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பங்கிடுகிறது. வீட்டு ரவுட்டர் செய்யும் முகவரி மாற்றம் (நேட்) ஒன்று, நிறுவனம் செய்யும் மாற்றம் இன்னொன்று. இரண்டாவதற்குத்தான் சிஜி-நேட் என்று பெயர்.

உரிமையாளருக்கு அவர் ஊர் வீட்டை வைத்தே சொன்னேன். செட்டிநாட்டு வீட்டில் உள்கட்டுக் கதவைத் திறந்துவைத்திருக்கிறோம். தெருவைப் பார்த்த முகப்புக் கதவு வேறொருவர் கையில் பூட்டியிருக்கிறது. உள்ளிருந்து ஒருவர் வெளியே போனால் காவலாள் குறித்துக்கொள்வார், அவருக்கு வரும் பதிலை மட்டும் உள்ளே விடுவார். யாரும் கூப்பிடாமல் வருகிறவருக்கு எந்தக் கட்டுக்குப் போக வேண்டும் என்று காவலாளுக்கே தெரியாது. நாங்கள் நான்கு நாளும் திறந்தது உள்கட்டுக் கதவை.

என்ன பார்த்தோம்

சிவகாசி ரவுட்டரின் வெளி முகவரி 10-இல் தொடங்கியது, அதுவும் உள்வட்ட முகவரிதான். அங்கும் சிஜி-நேட். இணைய நிறுவனம் மட்டும் வேறு.

இரண்டு பக்கமும் பூட்டியிருந்தாலும் வழி இல்லாமல் இல்லை. இருவரும் ஒரே நேரத்தில் வெளியே பாக்கெட் (சிறு தரவுத் துண்டு) அனுப்பினால், இரு காவலாட்களும் "நம் ஆள் அவரைத் தேடிப் போயிருக்கிறார்" என்று குறித்துக்கொள்வார்கள். எதிரிலிருந்து வருவது பதில் போலவே தெரியும், உள்ளே விடுவார்கள். இதைத் துளையிடுதல் என்பார்கள். 2005-இல் ஃபோர்டு, ஸ்ரீசுரேஷ், கெகல் மூவரும் வெளியிட்ட ஆய்வில், சோதித்த நேட் கருவிகளில் யுடிபி என்ற அனுப்பும் முறையில் துளையிடுதல் சுமார் 82 சதவீதத்தில் பலித்தது, டிசிபி என்ற இன்னொரு முறையில் சுமார் 64. அந்தக் கணக்கு பெரும்பாலும் வீட்டுக் கருவிகளின் காலத்தது. நிறுவன அளவிலான நேட் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஒவ்வொரு இணைப்பிலும் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

சோதனை எளிது. ஒரே போர்ட்டிலிருந்து இரண்டு வெவ்வேறு ஸ்டன் சர்வர்களிடம் "நான் உனக்கு எந்த முகவரியில், எந்தப் போர்ட்டில் தெரிகிறேன்?" என்று கேட்பது. காரைக்குடியில் இரண்டு பதிலும் ஒன்றே. அதாவது யாரிடம் பேசினாலும் அந்த நேட் ஒரே வெளிப்போர்ட்டைத் தருகிறது. இது சுலபமான பக்கம். சிவகாசியில் முதல் பதிலில் ஒரு போர்ட், இரண்டாவதில் வேறொரு போர்ட். ஆளுக்கு ஆள் போர்ட் மாறுகிறது. ஸ்டன் சொன்ன எண்ணைக் காரைக்குடிக்குக் கொடுத்தாலும் பயனில்லை, காரைக்குடியோடு பேசும்போது மூன்றாவது ஒரு எண் வரும். காரைக்குடி நேட்டோ, முகவரியும் போர்ட்டும் இரண்டும் பொருந்தினால்தான் பாக்கெட்டை உள்ளே விட்டது. முயன்று பார்த்தோம், இணையவில்லை.

இந்த நிலையிலும் ஒரு வழி உண்டு. கடினமான பக்கம் 256 போர்ட்களைத் திறந்துவைக்க வேண்டும். எதிர்ப்பக்கம் கண்ணை மூடிக்கொண்டு போர்ட் எண்களைத் தட்டிப் பார்க்க வேண்டும். 1,024 முறை தட்டினால் ஏதோ ஒன்று பொருந்தும் வாய்ப்பு 98 சதவீதம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் யாருக்கும் அதே விடைதான் வரும். நான் அதை வேண்டாம் என்று விட்டேன். சிஜி-நேட்டில் ஒரு வாடிக்கையாளருக்கு இத்தனை போர்ட் என்று அளவு வைப்பது வழக்கம். அளவு தீர்ந்தால் வீட்டில் எல்லோருக்கும் இணையம் திணறும். தவிர, வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது போர்ட் துழாவும் தாக்குதல் போலத் தெரியும். கல்யாண வாரத்தில் ஒரு ஸ்டுடியோவின் இணைப்பு முடக்கப்பட்டால் அதன் நஷ்டத்தை யார் ஏற்பது?

மூன்றாவதாக ரிலே. பொதுவில் இருக்கும் ஓர் இடைக்கணினி இரு பக்கத் தரவையும் வாங்கிக் கைமாற்றும். குறியாக்கம் இருப்பதால் அதற்கு உள்ளடக்கம் தெரியாது. யார் யாரோடு, எவ்வளவு பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரியும். வாடிக்கையாளர் படம் இல்லாத வெற்றுக் கோப்புகளை வைத்து ஓட்டிப் பார்த்தோம். நொடிக்கு 5 மெகாபிட் அளவில் ஊர்ந்தது. அந்த வேகத்தில் 60 ஜிபி போக கிட்டத்தட்ட 27 மணி நேரம். கொரியரே முந்திவிடும்.

தரகர் பேச்சு

அன்று சாயந்தரம் ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேசினோம். அக்கா போனில் ஸ்பீக்கரில் இருந்தார். "நடுவில் யாரும் கூடாது" என்பதில் மூன்று வேலைகள் கலந்து கிடக்கின்றன என்று சொன்னேன். ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க முகவரி சொல்வது ஒன்று. தரவைச் சுமந்துபோவது இன்னொன்று. தரவை வைத்திருப்பது மூன்றாவது. மேகச் சேமிப்பு மூன்றையும் செய்கிறது. ரிலே முதல் இரண்டைச் செய்கிறது. முதல் வேலை மட்டும் செய்கிற ஒன்று இல்லாமல், மாறிக்கொண்டே இருக்கும் முகவரிகளோடு இரண்டு மெஷின்கள் சந்திக்க முடியாது. பிட்டோரண்ட் போல லட்சக்கணக்கான மெஷின்கள் முகவரிப் புத்தகத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடுகள் உண்டு. அந்தக் கூட்டத்துக்குள் நுழையவும் முதலில் ஒரு தெரிந்த முகவரி வேண்டும்.

உரிமையாளர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கல்யாணத் தரகர் மாதிரின்னு சொல்லுங்க. ஜாதகத்தக் குடுத்து ரெண்டு வீட்டையும் பேசவச்சுட்டு ஒதுங்கிக்கணும். சீர்வரிசை அவர் வீட்டு வழியா போகக் கூடாது."

இந்த வேலைக்கு இதைவிடத் தெளிவான வரையறையை நான் எந்த ஆவணத்திலும் படித்ததில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு முடிவையும் இந்த வாக்கியத்தோடு வைத்துப் பார்த்தே எடுத்தோம். முகவரி சொல்ல ஒருவர் இருக்கலாம், ஆனால் அவர் நம் கையில் இருக்க வேண்டும், முகவரியைத் தவிர வேறெதுவும் அவருக்குத் தெரியக் கூடாது.

எடுத்த முடிவு: ஐபிவி6

சிவகாசி கணினியின் முகவரிப் பட்டியலைப் பார்த்தபோது, 2-இல் தொடங்கும் நீண்ட ஐபிவி6 (ஐபிவி4-க்கு அடுத்து வந்த, தட்டுப்பாடு இல்லாத வகை) முகவரிகள் ஏற்கனவே இருந்தன. அக்காவுக்குத் தெரியாமலேயே அவர் வீட்டில் ஒவ்வொரு கருவிக்கும் உலகப் பொது முகவரி கிடைத்துக்கொண்டிருந்தது. காரைக்குடியில் இல்லை. நிறுவனம் தரத் தயாராக இருந்தும், ரவுட்டரில் "ஐபிவி4 மட்டும்" என்று யாரோ பொருத்தும்போது வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டும் சேர்ந்தது என்று மாற்றி மறுபடி இயக்கியதும் முகவரி வந்துவிட்டது. நான்கு நாள் போராட்டத்துக்கு எதிரே இது இரண்டு நிமிட வேலை.

ஐபிவி6-இல் நடுவில் நேட் இல்லை, போர்ட் மாறுவதும் இல்லை. ஆனால் ரவுட்டரின் ஃபயர்வால் இருக்கிறது. கேட்காமல் வருகிற எதையும் அது தள்ளிவிடும். அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு முடிவு முக்கியமானது. காரைக்குடி ரவுட்டரில் ஐபிவி6 ஃபயர்வாலுக்கு "உண்டு, இல்லை" என்று ஒரே ஒரு பொத்தான்தான். இல்லை என்று வைத்தால் உடனே இணைந்துவிடும். அதே வலையில் கண்காணிப்புக் கேமராப் பதிவுப் பெட்டியும், பில் போடும் கணினியும், பழைய பிரிண்டரும் இருக்கின்றன. அத்தனையும் உலகத்துக்குத் திறந்துவிடும். மறுத்துவிட்டேன். சிவகாசி ரவுட்டரில் ஒரு முகவரிக்கு ஒரு போர்ட் மட்டும் திறக்கும் வசதி இருந்தது. இரண்டு பேரில் ஒருவர் கதவு திறந்திருந்தால் போதும், மற்றவர் உள்ளிருந்து வெளியே போய்ப் பேசலாம். அக்கா கணினிக்கு 22000 மட்டும் திறந்தோம். காரைக்குடி அங்கே போய்த் தட்டும்.

ரிலேயை அணைத்தோம். மென்பொருளின் பொது முகவரிப் பதிவேட்டையும் அணைத்தோம். காரைக்குடிக் கோப்புறையை "அனுப்ப மட்டும்" என்று வைத்தோம். வேலை முடிந்ததும் இடம் காலிசெய்ய அக்கா ஒரு கல்யாணத்தை அழித்தால், ஒத்திசைவு காரைக்குடியிலும் அதை அழித்துவிடக் கூடாது.

ஆடி பதினெட்டு கழித்து ஒரு பழைய கல்யாணத்தின் 60 ஜிபியை ஓட்டினோம். ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. இரு பக்கமும் நொடிக்கு 100 மெகாபிட் திட்டம். அதில் முக்கால் பங்குக்கு நெருக்கமாக வந்தது. அக்கா போனில் சொன்னது: "அண்ணாச்சி, நான் சோறு வடிச்சுட்டு வந்து பாக்கேன், பாதி வந்துருச்சு."

ஆவணி: முதல் முகூர்த்த இரவு

முதல் பெரிய முகூர்த்தத்தின் இரவு பத்து மணிக்குப் படங்கள் போகத் தொடங்கின. 38 ஜிபி போயிருந்தபோது சிவகாசியில் மின்சாரம் போனது. இருபது நிமிடத்தில் திரும்பி வந்தது. இணைப்பு வரவில்லை.

காரணம் எனக்குப் போன் வந்ததுமே புரிந்தது. ரவுட்டர் அணைந்து எழுந்தபோது நிறுவனம் அந்த வீட்டுக்குப் புது முகவரித் தொகுதியைக் கொடுத்துவிட்டது. காரைக்குடி பழைய முகவரியைத் தட்டிக்கொண்டிருக்கிறது. புதியதைச் சொல்ல நடுவில் யாரும் இல்லை. நாங்களே இல்லாமல் வைத்திருந்தோம்.

அக்கா முகவரியைப் போனில் வாசித்தார். எட்டுத் தொகுதி, ஒவ்வொன்றிலும் நாலு எழுத்து வரை. மகன் தட்டெழுதினார். முதல் தடவை தவறு. "பி"-யும் "டி"-யும் போனில் ஒன்றுபோலவே கேட்கின்றன. இரண்டாவது தடவை அக்கா "பி பாம்பே, டி டெல்லி, இ இங்கிலாந்து" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சரியாக ஏறியது. அப்போதும் இணையவில்லை. சிவகாசி ரவுட்டரில் நாம் திறந்த கதவு பழைய முகவரியின் பெயரில் எழுதப்பட்டது, புது முகவரிக்கு அந்த விதி பொருந்தாது. அதையும் போனிலேயே மாற்றச் சொன்னேன். பதினொன்றே முக்காலுக்குத் தொடர்ந்தது, விட்ட இடத்திலிருந்து.

அந்த இரவில் படம் எதுவும் தொலையவில்லை, கெடவில்லை. ஆனால் கணினி வேலை தெரியாத ஒருவர் தனியாக இருந்திருந்தால் முடியாத காரியம். அப்படி ஓர் ஏற்பாட்டை நான் முடிந்தது என்று சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாது.

திருத்தம், அதில் வந்த புதிர்

தரகரை நியமித்தோம். ஸ்டுடியோவுக்கு ஏற்கனவே ஒரு இணையதளப் பெயர் இருந்தது. அதன் கீழ் இரண்டு துணைப்பெயர்கள், ஊருக்கு ஒன்று. ஒவ்வொரு கணினியிலும் ஒரு சிறு நிரல் நிமிடத்துக்கு ஒரு முறை தன் ஐபிவி6 முகவரியைப் பார்த்து, மாறியிருந்தால் டிஎன்எஸ் (இணையப் பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் ஏற்பாடு) பதிவைத் திருத்தும். பதிவின் ஆயுள், அதாவது கேட்டவர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரம், 300 நொடி. சிங்க்திங்கில் எண்களுக்குப் பதில் பெயரையும், யுடிபி வழியே இயங்கும் க்விக் நெறிமுறையையும், ஐபிவி6 மட்டும் என்பதையும் எழுதினோம். சொந்தமாக முகவரிப் பதிவேட்டுச் சர்வர் நடத்தலாம் என்ற யோசனையும் இருந்தது. அதற்கு மாத வாடகைக்கு ஒரு கணினி வேண்டும், அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். இவர்கள் அளவுக்கு டிஎன்எஸ் போதும் என்பது என் முடிவு. அது வைத்திருப்பது இரண்டு முகவரிகள், வேறொன்றும் இல்லை.

கூடவே சிவகாசி ரவுட்டரில் திறந்த கதவையும் மூடிவிட்டோம். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் தட்டினால் இரு ஃபயர்வால்களும் பதில் என்று நினைத்து விட்டுவிடும். முகவரி மாறும்போதெல்லாம் விதியைத் திருத்தும் தொல்லை இல்லை. ஐபிவி6-இல் போர்ட் மாறாது என்பதால் ஊகிக்கவும் எதுவும் இல்லை. தாளில் எல்லாம் சரி.

இணையவில்லை.

இரண்டு பெயர்களும் சரியான முகவரியைத்தான் காட்டின. இரண்டு கணினியும் 22000-இலிருந்து 22000-க்குத்தான் அனுப்பின. காரைக்குடியில் பாக்கெட்களைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை ஓடவிட்டு, வெளியே போகும் பாக்கெட்களைக் கவனித்தேன். போகும் இடம் சரி. புறப்படும் முகவரியைப் பார்த்தேன். முதல் பாதி ஸ்டுடியோவின் தொகுதிதான். கடைசி நான்கு தொகுதியும் டிஎன்எஸ்ஸில் எழுதியிருந்ததோடு ஒத்துப்போகவில்லை. ஒருமுறைக்கு இருமுறை விரல் வைத்து ஒப்பிட்டேன். வேறு முகவரிதான்.

விண்டோஸ் ஒரே கணினிக்கு இரண்டு பொது முகவரிகள் வைத்திருக்கும். ஒன்று நிலையானது. இன்னொன்று தற்காலிகமானது, யாரும் நம்மைப் பின்தொடரக் கூடாது என்பதற்காக அவ்வப்போது மாறுவது. வெளியே போகும்போது தற்காலிக முகவரியையே அது தேர்ந்தெடுக்கும். எங்கள் நிரல் டிஎன்எஸ்ஸில் எழுதியது நிலையானதை. காரைக்குடி ஃபயர்வால் "தற்காலிக முகவரிக்காரர் வெளியே போனார்" என்று குறித்துக்கொண்டது. சிவகாசியோ நிலையான முகவரியின் கதவைத் தட்டியது. அந்தப் பெயரில் யாரும் வெளியே போகவில்லை என்று காவல் தள்ளிவிட்டது. எதிர்ப்பக்கத்திலும் இதே கதை. இரண்டு பேரும் சரியான வீட்டுக்குப் போய், ஒவ்வொருவரும் அடுத்த வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஆவணியில் இது ஏன் தெரியவில்லை? அப்போது சிவகாசியில் கதவு நிலையான முகவரிக்குத் திறந்திருந்தது. காரைக்குடி எந்த முகவரியிலிருந்து புறப்பட்டாலும் அதற்குக் கவலையில்லை. கதவை மூடி இருவரையும் தட்டச்சொன்ன பிறகுதான் புறப்படும் முகவரி முக்கியமானது.

இரண்டு கணினியிலும் தற்காலிக முகவரியை நிறுத்தினோம். இதனால் அந்த இரண்டு கணினிகளின் முகவரியின் பின்பாதி வெளியில் எப்போதும் மாறாமல் தெரியும். உலாவலுக்கு அதிகம் பயன்படாத வேலைக் கணினிகள் என்பதால் ஏற்றுக்கொண்டோம். எல்லா வீட்டுக்கும் இதைச் சொல்ல மாட்டேன். நிறுத்திய முதல் நிமிடத்திலேயே இணைந்தது.

பின்னர் நடந்தது

இந்த முறை வேண்டுமென்றே உடைத்துப் பார்த்தோம். இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் ரவுட்டரை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் போட்டோம். இருவருக்கும் முகவரி மாறியது. ஆறேழு நிமிடத்தில் யாரும் கை வைக்காமல் இணைந்தது. இதையே மூன்று நாள் வெவ்வேறு நேரத்தில் செய்தோம். ஐப்பசியிலும் தையிலும் முகூர்த்தங்கள் இதே வழியில் போயின. ஒருமுறை காரைக்குடியில் ஃபைபர் அறுந்து இரண்டு நாள் இணைப்பே இல்லை. அன்று டிஸ்க் கொரியரில் போனது. அந்தப் பழக்கத்தை விட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன்.

மகனின் மடிக்கணினியை மண்டபத்திலிருந்தே போன் ஹாட்ஸ்பாட் வழியாக இணைக்கும் முயற்சி பலிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். சில மண்டபங்களில் போன் வழியே ஐபிவி6 வந்தது, இணைந்தது. சிலவற்றில் ஐபிவி4 மட்டும், அதுவும் ஆளுக்கு ஆள் போர்ட் மாறும் வகை. ரிலேயை அவருக்கு மட்டும் இயக்கலாமா என்று கேட்டேன். உரிமையாளர் வேண்டாம் என்றார். ஸ்டுடியோவுக்கு வந்து ஏற்றினால் போகிறது, ஒரு ராத்திரி தாமதம்தான். எனக்கும் அது சரியாகவே பட்டது.

பெண் வீட்டார் பற்றியும் சொல்ல வேண்டும். தை மாதம் அதே குடும்பத்தில் இன்னொரு கல்யாணம். அந்த வீட்டுப் பெரியவர் ஸ்டுடியோவுக்கு வந்து, படங்கள் எங்கே இருக்கும் என்று கேட்டார். உரிமையாளர் இரண்டு மெஷினையும் சொன்னார். ஒன்றைக் கையைக் காட்டியே சொன்னார். அவர்கள் வேறு ஸ்டுடியோவுக்குப் போகவில்லை.

மறுபடி செய்தால் என்ன மாற்றுவேன்

எதையும் தொடும் முன் ரவுட்டரின் வெளி முகவரியையும், வெளியுலகம் பார்க்கும் முகவரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்வேன். அடுத்து இரு பக்கமும் ஐபிவி6 இருக்கிறதா, அணைத்துவைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். போர்ட் திருப்புவது இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

முகவரி மாறும் என்பதை விபத்தாக நினைக்காமல் தினசரி நிகழ்வாகவே வைத்துத் திட்டமிடுவேன். ரவுட்டரை அணைத்துப் போடும் சோதனை ஆடியிலேயே நடந்திருந்தால் ஆவணி இரவு வந்திருக்காது. துளையிடும் எந்த ஏற்பாட்டிலும், எங்கே போகிறது என்பதோடு எங்கிருந்து புறப்படுகிறது என்பதையும் பாக்கெட்டில் நேராகப் பார்த்து உறுதிசெய்வேன்.

"மையச் சர்வர் இல்லாமல்" என்று யாராவது கேட்டு வந்தால், மூன்று வேலைகளையும் தனித்தனியாக எழுதி, எது யாரிடம் இருக்கலாம் என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துவிட்டுத்தான் தொடங்குவேன். இங்கே அந்தப் பேச்சு ஆறாம் நாள்தான் நடந்தது.

இன்னும் தீராத ஒன்று உண்டு. டிஎன்எஸ் பதிவு ஒரே இடத்தில் இருக்கிறது. இணையதளப் பெயரைப் புதுப்பிக்க மறந்தால் தரகர் காணாமல் போவார். புதுப்பிக்கும் தேதியை ஸ்டுடியோ நாட்காட்டியிலும் என் போனிலும் குறித்துவைத்திருக்கிறோம். அதுவும் தவறினால் என்ன செய்வது என்று ஒரு பக்கத் தாள் இரண்டு ஊரிலும் இருக்கிறது: முகவரியை எங்கே பார்ப்பது, எந்தக் கட்டத்தில் எழுதுவது, போனில் வாசிக்கும்போது எந்த எழுத்துக்கு எந்த ஊர்ப் பெயர் சொல்வது.